ஷாவ்மி 4 லைட் காற்றுச் சுத்திகரிப்பான்: படுக்கையறைக்குப் போதுமா?

காற்றுச் சுத்திகரிப்பானை வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது செயலி வசதியை அல்ல. ஒரு மணி நேரத்தில் அது தரும் தூய காற்றின் அளவைக் குறிக்கும் சி.ஏ.டி.ஆர். எண்ணைத்தான். ஷாவ்மி 4 லைட்டுக்கு அது 360 கன மீட்டர் என்பதால், பத்தடி உயரமுள்ள 150 சதுர அடி அறையின் காற்றை, சன்னல்களை அடைத்து முழு வேகத்தில் ஓட்டினால், கணக்கின்படி மணிக்கு எட்டு முறை வடிகட்டிவிடும். ஆனால் எந்தக் கருவியையும் இரவில் முழு வேகத்தில் ஓட்டினால் இரைச்சல் உறக்கத்தைக் கெடுக்கும். வேகத்தைக் குறைத்தால் வடிகட்டலும் குறையும். ஆகவே தேவைக்குச் சற்றுப் பெரிய கருவியே நல்லது. சென்னையின் போகிப் புகையிலுள்ள நுண்துகள்களை இதன் வடிகட்டி பிடித்துக்கொள்ளும். நாம் வெளிவிடும் கரியமில வாயுவை நீக்காது என்பதால், புகை அடங்கியதும் சன்னலைத் திறந்தே ஆக வேண்டும்.