கால்வாசி ஹக்கிள்பெரி ஃபின்

மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலைச் சேலத்துக் கடையொன்றில் 120 ரூபாய்க்கு என் மகளுக்காக வாங்கினேன். ஆங்கிலப் பதிப்பு, சுருக்கப்பட்டது என்று அட்டையிலோ உள்ளேயோ ஓரிடத்திலும் அச்சிடவில்லை. ஏற்காட்டுக்குப் போகும் பேருந்தில் அடிவாரத்தில் பிரித்தவள், இருபதாவது கொண்டை ஊசி வளைவு வருவதற்குள் (அந்த வளைவுகளில் படித்தும் தலை சுற்றாத வயது) பாதிக் கதையைக் கடந்துவிட்டதாகச் சொன்னபோதே எனக்கு ஐயம் தட்டியது. மூலத்தில் 43 அத்தியாயங்கள். இதில் எண்ணிப் பார்த்தால் 14.

நீளம் குறைந்ததைப் பற்றி எனக்கு வருத்தமில்லை; எதைக் குறைத்திருக்கிறார்கள் என்பதுதான் குறை. மிசிசிப்பி ஆற்றின் மூடுபனியில் பிரிந்துபோன கதைநாயகன் ஹக், தெப்பத்துக்குத் திரும்பி வந்து, நடந்தது எல்லாம் வெறும் கனவு என்று, தன்னோடு பயணிக்கும் தப்பியோடிய கறுப்பின அடிமை ஜிம்மை ஏமாற்றுகிறான். தெப்பத்தில் கிடக்கும் இலைச்சருகையும் உடைந்த துடுப்பையும் பார்த்து உண்மையை உணர்ந்த ஜிம், உன்னைக் காணாமல் நெஞ்சு உடைந்துபோன என்னை நீ கேலிப்பொருளாக்கினாய் என்று சொல்லிவிட்டு அகன்றுவிடுகிறான். ஓர் அடிமையிடம் போய் மன்னிப்புக் கேட்க அந்த வெள்ளைச் சிறுவனுக்குக் கால் மணி நேரம் பிடிக்கிறது. அந்தக் கால் மணி நேரத்தை இப்பதிப்பில் தேடினேன். பனி விலகுகிறது, இருவரும் சந்திக்கிறார்கள், அவ்வளவுதான். ஏரியே தெரியாதபடி மூடுபனி இறங்கியிருந்த விடுதித் திண்ணையில், விடுபட்ட அந்தக் காட்சியை நானே அவளுக்கு வாய்மொழியாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

கதவைச் சாத்தச் சொல்லியும் கேட்கவில்லை என்று நான்கு வயது மகளை அறைந்த ஜிம், காய்ச்சலில் அவளுக்குச் செவித்திறன் போய்விட்டதைப் பிறகு அறிந்து கதறும் பகுதியும் இல்லை. ஜிம்மைக் காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தை ஹக் கிழிக்கும் 31ஆம் அத்தியாயமோ ஒரே வரியாகிவிட்டது. அடிமைமுறை தவறு என்று உணர்ந்து அவன் அதைக் கிழிக்கவில்லை. தான் பாவம் செய்வதாகவே நம்பி, நரகத்துக்குப் போனாலும் போகட்டும் என்று துணிகிறான். இது தெரியாவிட்டால் ஹக் சராசரி நல்ல பையனாகிவிடுகிறான். ஆனால் இறுதியில் ஹக்கின் நண்பன் டாம் சாயர் அடிக்கும் கூத்து மட்டும் ஏறக்குறைய முழுதாக இருக்கிறது. வெட்ட வேண்டியதை விட்டுவிட்டு, விட வேண்டியதை வெட்டியிருக்கிறார்கள்.

தாள் பரவாயில்லை, அட்டைதான் மலை ஈரத்தில் இரண்டே நாளில் அப்பளமாகச் சுருண்டுகொண்டது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, “படிச்ச புத்தகத்தை எடுத்துக்க மாட்டோமுங்க” என்றார் கடைக்காரர்.

பிறகு முழுப் பதிப்பை வரவழைத்தேன். ஒலிப்பின்படியே எழுதப்பட்ட வட்டாரப் பேச்சு தொடக்கத்தில் தடுக்கும். வாய்விட்டுப் படித்தால் பிடிபடும். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் 200 முறைக்கு மேல் வருவதால், பெரியவர் ஒருவர் உடனிருந்து படிப்பது நல்லது. வாங்குவோர் பணம் கொடுக்குமுன் மொத்தம் எத்தனை அத்தியாயங்கள் என்று பார்த்துக்கொள்ளவும்.