ப்யூனி நீதிபதி யார்? எட்டிமான்லைன் அகராதிக்கு ஒரு மதிப்புரை

ஆங்கிலச் சொல் ஒன்று எங்கிருந்து வந்தது என்று இணையத்தில் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் கடைசியில் போய்ச் சேரும் இடம், எட்டிமான்லைன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இணையச் சொற்பிறப்பியல் அகராதி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் 2001 முதல் இதைத் தொகுத்து வருகிறார். பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரோடு வராமல், பெருமளவு ஒரு தனிமனிதரின் உழைப்பில் வளர்ந்த அகராதியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி நியாயமானதே. எல்லாருக்கும் தெரிந்த சொற்களைத் தேடிப் பார்த்து இதற்கு விடை காண முடியாது. எழுத்தும் ஒலியும் ஒட்டாத, பொருளும் எளிதில் பிடிபடாத ஒரு சொல்லைக் கொடுத்துப் பார்த்தால்தான் அகராதியின் தரம் தெரியும். அதற்காக நான் எடுத்துக்கொண்டது, பிரெஞ்சிலிருந்து ஆங்கிலச் சட்டத்துக்குள் புகுந்த "ப்யூனி" (puisne) என்ற சொல்.

இந்தச் சொல் நமக்கு அந்நியமானதன்று. உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 1998இல் அளித்த கருத்துரை, நீதிபதி நியமனங்களைப் பரிந்துரைக்கும் குழுவான கொலீஜியம் என்பது தலைமை நீதிபதியும் அவருக்கு அடுத்த மூத்த "ப்யூனி" நீதிபதிகள் நால்வரும் சேர்ந்தது என்று வகுத்தது. கனடாவின் உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியைத் தவிர்த்த மற்ற எட்டு நீதிபதிகளுக்கும் இன்றுவரை சட்டப்படியான பெயர் இதுதான். எழுத்துக்கூட்டிப் படித்தால் "புயிஸ்னே" என்பதுபோல் வருகிற இச்சொல்லை, நோஞ்சான், அற்பமானது என்று பொருள்படும் மற்றோர் ஆங்கிலச் சொல்லைப் (puny) போலவே "ப்யூனி" என்றுதான் உச்சரிக்க வேண்டும். நாட்டின் மிக உயர்ந்த மன்றத்தில் அமர்ந்திருப்பவரை ஏன் இப்படி அழைக்கிறார்கள் என்று சட்டம் படிக்கும் மாணவர் குழம்பினால் அதில் வியப்பில்லை.

எட்டிமான்லைனில் இச்சொல்லைத் தட்டினால் பதிவு சில வரிகளில் முடிந்துவிடுகிறது. முதலில் சொல், அதன் இலக்கண வகை, ஆங்கில எழுத்தில் முதன்முதலாகக் காணப்படும் காலம். பிறகு "இதிலிருந்து, அதற்கு முன் இதிலிருந்து" என்று பின்னோக்கிச் செல்லும் சங்கிலி. பழைய பிரெஞ்சில் "புயி" என்றால் பிறகு, "நே" என்றால் பிறந்த. இரண்டும் சேர்ந்து "பின் பிறந்த" என்றாகிறது. இன்றைய பிரெஞ்சிலும் இச்சொல் "புயினே" என்ற வடிவில் இருக்கிறது. இதற்கு எதிர்ச்சொல்லாக "முன் பிறந்த" என்பதைக் குறிக்கும் "எய்னே" வழங்குகிறது. தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. பழந்தமிழில் அண்ணனைத் "தம்முன்" என்றும் இளையவனைத் "தம்பி" என்றும் சொன்ன அதே முறை, முன்னும் பின்னும் உறவுப்பெயராக மாறிய அதே வழி, பிரெஞ்சிலும் இருந்திருக்கிறது. ஆக, ப்யூனி நீதிபதி என்பவர் பதவி வரிசையில் தலைமை நீதிபதிக்கு இளையவர், அவ்வளவுதான். சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான முத்துசாமி ஐயர் வகித்ததும் இந்த ப்யூனி நீதிபதி பதவியே.

இந்த அகராதியின் உண்மையான பலம் அடுத்த அடியில்தான் தெரிகிறது. நோஞ்சான் என்று பொருள்படும் "ப்யூனி"யும் நீதிமன்றத்து "ப்யூனி"யும் ஒரே சொல்லின் இரண்டு எழுத்து வடிவங்கள் என்பதை அது காட்டி, ஒரு பதிவிலிருந்து மற்றதற்கு நேரே செல்ல வழி வைத்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் பொருள் நகர்ந்த பாதை தெளிவாகிறது. இளையவர், பிறகு பள்ளியிலோ பணியிலோ புதிதாகச் சேர்ந்தவர், பிறகு தகுதியில் தாழ்ந்தவர், கடைசியில் வலுவற்றவர். 1590களுக்குள் இந்தக் கடைசிப் பொருள் வந்துவிட்டது. ஷேக்ஸ்பியரின் இரண்டாம் ரிச்சர்டு நாடகத்தில், தன் மகிமையை ஓர் அற்பக் குடிமகன் தாக்குகிறான் என்று அரசன் குமுறும் இடத்தில் இந்தச் சொல்லே வருகிறது. மக்கள் பேச்சு எழுத்தை ஒலிக்கேற்பத் திருத்திக்கொண்டது. நீதிமன்றம் மட்டும் பழைய எழுத்தையும் பழைய பொருளையும் விடாமல் பிடித்துக்கொண்டது.

அது ஏன் என்ற கேள்விக்குத்தான் எட்டிமான்லைன் போதுமான விடை தருவதில்லை. 1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு ஆட்சியாளரின் பிரெஞ்சு மெல்ல மெல்லச் சட்டத்தின் மொழியாயிற்று. வழக்காடுவது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று 1362இலேயே சட்டம் இயற்றப்பட்டும், வழக்கறிஞர்கள் தங்கள் குறிப்புகளையும் தீர்ப்புத் தொகுப்புகளையும் ஆங்கிலம் கலந்த பிரெஞ்சிலேயே மேலும் சில நூற்றாண்டுகள் எழுதி வந்தார்கள். அந்தக் கலப்பு மொழிக்குள் வைத்துப் பார்த்தால்தான் இச்சொல் முழுமையாக விளங்கும். ஒரு தாய்தந்தையருக்குத் திருமணத்துக்கு முன் பிறந்த மூத்த மகனும், திருமணத்துக்குப் பின் பிறந்த இளைய மகனும் சொத்துக்காக மோதும்போது, பழைய ஆங்கிலச் சட்டம் முன்னவனை "பாஸ்டர்டு எய்ன்" என்றும் பின்னவனை "முலியர் ப்யூனி" (முலியர் என்றால் முறையான மணத்தில் பிறந்தவன்) என்றும் பெயரிட்டுப் பிரித்தது. "எய்னே"யும் "புயினே"யும் இணைபிரியாமல் ஆங்கிலத்துக்குள் வந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பின்னாளில் இங்கிலாந்தின் நிலச் சட்டம், மூல ஆவணத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளாமல் கொடுக்கப்படும் ஒருவகை அடமானத்துக்கும் ப்யூனி என்ற அடைமொழியைச் சூட்டியது.

ஒலிப்பைக் காட்டுவதற்கென்று இந்த அகராதியில் தனி இடம் இல்லை என்பதும் ஒரு குறையே. மற்றச் சொற்களுக்கு இது பெரிதாகத் தெரியாது. ஆனால் எழுத்தைப் பார்த்து ஒலியை ஊகிக்கவே முடியாத இப்படிப்பட்ட பிரெஞ்சு வழிச் சொற்களுக்கு ஒலிப்புதான் பாதிச் செய்தி. எந்தத் தகவல் எந்த நூலிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் பல பதிவுகளில் வரிக்கு வரி தெரிவதில்லை. அடிப்படையாகக் கொண்ட நூல்களின் பெயர்கள் தனிப் பக்கத்தில் தொகுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே கட்டுரையிலோ ஆய்விலோ மேற்கோள் காட்ட வேண்டியவர்கள் இதோடு நின்றுவிடக் கூடாது. சொல்லின் கீழே தரப்படும் பயன்பாட்டு வரைபடத்தையும் அளவோடு நம்புவதே நல்லது. கணினி வழியே படிக்கப்பட்ட பழைய நூல்களிலிருந்து எடுக்கப்படும் அத்தகைய கணக்குகளில் எழுத்துப் பிழைகள் கலப்பது சாதாரணம்.

ஆனால் மூலச் சொல்லைத் தட்டும்போது திறக்கும் பக்கத்துக்காகவே இந்த அகராதியை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். "நே" என்பதன் வேரைத் தொட்டால், "பிறத்தல்" என்ற பொருளுடைய இந்தோ ஐரோப்பிய வேர்ச்சொல்லின் பக்கம் விரிகிறது. நேரடிச் சான்று இல்லாமல் ஒப்பீட்டால் மீட்டெடுக்கப்பட்டது என்பதைக் காட்ட அதன் முன்னே நட்சத்திரக் குறி இருக்கிறது. கீழே அந்த வேரிலிருந்து கிளைத்த ஆங்கிலச் சொற்கள் வரிசையாக நிற்கின்றன: மரபணுவைக் குறிக்கும் ஜீன், நாட்டைக் குறிக்கும் நேஷன், இயற்கையைக் குறிக்கும் நேச்சர். அவற்றோடு சமஸ்கிருதத்தின் "ஜன்" வழி வந்த வடிவங்களும் சான்றாகத் தரப்பட்டுள்ளன. நாம் தமிழில் அன்றாடம் வழங்கும் ஜனனம், ஜன்மம், ஜாதகம் ஆகியவை அந்தக் கிளையிலிருந்து வந்தவையே. கொலீஜியம் பற்றிய செய்தியில் தொடங்கிய தேடல், இரண்டு தட்டல்களில் நம் வீட்டு ஜாதகக் கட்டு வரை வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட இணைப்பை இலவசமாக, பெயர் பதியச் சொல்லாமல் தரும் அகராதி அரிது.

தெரியாததைத் தெரியாது என்று எழுதும் நேர்மையும் இதில் இருக்கிறது. பிறப்பு உறுதியாகாத சொற்களுக்கு அப்படியே குறிப்பிட்டு, போட்டியிடும் கருத்துகளைத் தனித்தனியாகச் சொல்லிவிடுகிறார்கள். அழகான கதைக்காக உண்மையை வளைக்காத இந்தப் பழக்கம் சொற்பிறப்பியலில் மிகவும் மதிக்கத்தக்கது.

பள்ளி ஆசிரியர்களுக்கும், மொழிபெயர்ப்பாளர்களுக்கும், சொற்களின் மீது பற்றுள்ள யாருக்கும் எட்டிமான்லைன் தாராளமாகப் போதும். கைபேசிச் செயலியாகவும் கிடைக்கிறது. சட்டம் படிக்கிறவர்கள் இதைத் திறந்த கையோடு, வேல்ஸின் ஆபரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய ஆங்கிலோ நார்மன் அகராதியையும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதுவும் இலவசம், இங்கிலாந்தில் எழுதப்பட்ட பிரெஞ்சுக்கென்றே தொகுக்கப்பட்டது என்பதால், சொல் எந்த ஆவணத்தில் எந்த வடிவில் வந்தது என்ற மேற்கோள்களை அங்கே காணலாம். முழு வரலாறும் ஓரிடத்தில் வேண்டுமென்றால் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இருக்கிறது. அதற்குச் சந்தா கட்ட வேண்டும் என்பதால், முதலில் உங்கள் கல்லூரி நூலகம் அதற்கு அனுமதி வாங்கியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.