பெர்மிட்டா, எஸ் பாஸா, இபியா: சிங்கப்பூரில் ஆள் எடுக்கும் கணக்கு

"ஊர்லேர்ந்து ஒரு சமையல்காரரைக் கொண்டு வரணும் தம்பி. எஸ் பாஸ் அடிச்சிடலாமா?"

சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதும் எனக்கு வருகிற அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். பதிலுக்கு நான் கேட்டது: "உங்க கடையில சிபிஎஃப் கட்டுற உள்ளூர் ஆளுங்க எத்தனை பேருண்ணே?" (சிபிஎஃப் என்பது உள்ளூர் ஊழியருக்காக முதலாளியும் ஊழியரும் கட்டும் மத்திய சேமநிதி.) அவருக்கு எரிச்சல். வரப்போகிற ஆளைப் பற்றிப் பேசினால் இருக்கிற ஆளைப் பற்றிக் கேட்கிறானே என்று. ஆனால் எந்தப் பாஸ் (சாதாரண வேலைக்குப் பெர்மிட், நடுத்தரத் திறன் வேலைக்கு எஸ் பாஸ், நிபுணர்களுக்கு இபி) என்பதை முதலில் முடிவு செய்வது இருக்கிற ஆட்கள்தான். வருகிறவரின் கைப்பக்குவம் அதற்குப் பிறகே.

அவர் சொன்னது பதினைந்து பேர். சிபிஎஃப் பட்டியலை விரித்துப் பார்த்தால் பதினொரு பேர் முழுநேரம்; மீதி நாலு பேர் பகுதிநேரம், ஆளுக்கு மாதம் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 2024 ஜூலையிலிருந்து ஒரு உள்ளூர் ஊழியர் முழு ஆளாகக் கணக்கில் வர 1,600 வெள்ளி சம்பளம் வேண்டும். 800க்கு மேல் 1,600க்குள் என்றால் அரை ஆள். ஆக நாலு பேரும் சேர்ந்து ரெண்டு ஆள், மொத்தம் பதிமூன்று. சேவைத் துறையில் மொத்த ஆள்பலத்தில் 35 விழுக்காடுவரைதான் பெர்மிட், எஸ் பாஸ்காரர்கள் இருக்கலாம். பதிமூன்று உள்ளூர் ஆளுக்கு ஏழு பேர், கூட்டினால் இருபது. ஏற்கெனவே ஐந்து மலேசியர்கள் பெர்மிட்டில் வேலை செய்கிறார்கள். மிச்சம் இரண்டே இடம்.

முதலில் பெர்மிட்டைப் பார்ப்போம். சேவைத் துறையில் எந்த நாட்டு ஆளை வேண்டுமானாலும் பெர்மிட்டில் எடுத்துவிட முடியாது. மலேசியா, சீனா, தைவான், ஹாங்காங், மக்காவ், தென்கொரியா ஆகிய இடத்துக்காரர்களுக்குத்தான் வழி திறந்திருக்கிறது. இந்தியா அதில் இல்லை. இதற்கு விலக்காகச் சில வேலைகளை மட்டும் குறிப்பிட்டு மனிதவள அமைச்சு தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. 2023 செப்டம்பரில் இந்திய உணவகச் சமையல்காரர்கள் அதில் வந்தார்கள். நிபந்தனை இரண்டு: மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி, இப்படி எடுப்பவர்கள் மொத்த ஆள்பலத்தில் 8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இருபதில் 8 விழுக்காடு 1.6. அதாவது ஒருவர்தான்.

இதோடு லெவி, அதாவது வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி மாதாமாதம் அரசுக்குக் கட்டும் வரி. சேவைத் துறையில் அது படிக்கட்டு மாதிரி: ஆள்பலத்தில் முதல் 10 விழுக்காட்டுக்குத் தலைக்கு மாதம் 450, 25 விழுக்காடுவரை 600, அதற்கு மேல் 800. தேர்ச்சி பெற்ற ஊழியர் என்றால் 300, 400, 600. அண்ணன் முன்பே ஐந்து பேரை வைத்திருப்பதால் புது ஆளால் கூடும் செலவு மேல்படியில் விழுகிறது. 2,000 சம்பளம், 800 லெவி, ஆக 2,800. மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட்காரருக்கும் 5,000 வெள்ளி பிணைத்தொகை. இதைக் காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதமாகவும் கொடுக்கலாம். தங்க இடம் பார்த்துக் கொடுப்பதும் முதலாளியின் பொறுப்பு. மருத்துவக் காப்புறுதி 60,000 வெள்ளிக்குக் குறையக் கூடாது, இது எஸ் பாஸுக்கும் உண்டு.

இனி எஸ் பாஸ். இதில் நாட்டுக் கட்டுப்பாடு கிடையாது, அதனால்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆனால் 2025 செப்டம்பர் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 3,300. லெவி எந்தப் படியுமில்லாமல் 650. கூட்டினால் 3,950. பெர்மிட்டைவிட மாதம் 1,150 வெள்ளி அதிகம்.

அதோடு நின்றாலும் பரவாயில்லை. இந்த 3,300 இளவயதுக்காரருக்கான தொகை. வயது ஏற ஏற அதுவும் ஏறி, 45ஐத் தொடும்போது 4,800 ஆகிறது. பிரியாணிக்குத் தம் போடுவதில் கைதேர்ந்தவருக்கு வயது இருபத்திமூன்றா இருக்கும்? அண்ணன் மனதில் வைத்திருந்தவருக்கு நாற்பத்தாறு. 4,800, 650, ஆக 5,450. சொன்னதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. இந்த விதியை எழுதியவர்கள் அலுவலக உதவியாளரை நினைத்து எழுதியிருப்பார்கள், அடுப்படி ஆளை நினைத்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

எஸ் பாஸுக்கு 10 விழுக்காடு என்று தனி உச்சவரம்பும் உண்டு, கட்டுமானம் தயாரிப்பு போன்ற துறைகளில் 15. விண்ணப்பிக்கும் முன் மைகேரியர்ஸ்ஃபியூச்சர் தளத்தில் வேலையைச் சம்பளத்தோடு 14 நாள் விளம்பரம் செய்ய வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கு இதில் விலக்கு. பெர்மிட்டுக்கு இந்தப் படலமே இல்லை.

இபியில் லெவியும் இல்லை, எண்ணிக்கை வரம்பும் இல்லை. "அப்ப அதையே போட்டுடலாமே" என்பார்கள். 2025 ஜனவரி முதல் குறைந்தபட்சம் 5,600, நிதித்துறையில் 6,200. இதுவும் வயதோடு ஏறும். அந்தச் சம்பளத்தைத் தந்தாலும் காம்பஸ் என்ற புள்ளி முறையில் 40 எடுக்க வேண்டும். சம்பளம், படிப்பு, நிறுவனத்தில் நாட்டினர் கலப்பு, உள்ளூர் நிபுணர்களின் பங்கு என்று நாலு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20. சமையலறைக்கு இது ஒத்துவராது.

ஆனால் கணினி, கணக்கியல், பொறியியல் பக்கம் ஆள் தேடும் சிறு நிறுவனத்துக்கு ஒரு அனுகூலம் உண்டு, பலருக்கு அது தெரிவதே இல்லை. நிபுணர்கள், மேலாளர்கள் போன்றவர்கள் 25 பேருக்குக் குறைவாக இருந்தால் கடைசி இரண்டு தலைப்புக்கும் பத்துப் பத்துப் புள்ளி தானாக வந்துவிடும். சரிபார்க்கப்பட்ட பட்டத்துக்குப் பத்து, துறையின் உள்ளூர் சம்பளங்களோடு ஒப்பிட்டு 65ஆம் நூற்றுமானத்தைத் தொட்டால் (நூற்றில் 65 பேரின் சம்பளத்துக்குக் குறையாமல் இருந்தால்) பத்து, நாற்பது சேர்ந்துவிடுகிறது. பெரிய நிறுவனங்களுக்குத்தான் திண்டாட்டம். நிபுணர்களில் கால்வாசிப் பேர் ஏற்கெனவே இந்தியர்களாக இருந்தால், அடுத்த இந்திய விண்ணப்பதாரருக்குக் கலப்புத் தலைப்பில் பூஜ்யம். ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தப் பூஜ்யம் மாறாது.

கட்டுமானத்தில் மூன்றையும் ஒப்பிட வேண்டியதே இல்லை, தளத்தில் நிற்கிறவருக்குப் பெர்மிட்தான். 2024 ஜனவரியிலிருந்து ஒரு உள்ளூர் ஆளுக்கு ஐந்து வெளிநாட்டவர், முன்பு ஏழு. இந்தியாவிலிருந்து எடுக்கலாம். தேர்ச்சி பெற்றவருக்கு லெவி 500, அடிப்படைத் திறன் மட்டும் உள்ளவருக்கு 900. வருஷத்துக்கு ஒரு ஆளில் 4,800 வெள்ளி வித்தியாசம். இதைப் பார்த்தும் ஆட்களைத் திறன் தேர்வுக்கு அனுப்பாத குத்தகைக்காரர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் வேலை கெடுமாம்.

லெவியை ஊழியரின் சம்பளத்தில் பிடிக்கிற ஆட்களும் உண்டு. சட்டப்படி அது முதலாளியின் செலவு. வேலை கொடுத்ததற்காக ஊழியரிடமே பணம் வாங்கினால் 30,000 வெள்ளிவரை அபராதம், இரண்டாண்டுவரை சிறை. அத்தை பெயரிலும் மச்சான் பெயரிலும் சிபிஎஃப் கட்டி ஆள் எண்ணிக்கையை ஏற்றிக்காட்டுவதும் குற்றமே. "சும்மா பேருக்குத்தானே" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்கு நான் கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

அண்ணன் கடைசியில் பெர்மிட்டில் ஒருவரைக் கொண்டுவந்தார். மூன்று மாதம் கழித்து மறுபடி அழைப்பு. பகுதிநேர ஆட்கள் நாலு பேருக்கும் நேரத்தைக் கூட்டி 1,600க்குக் கொண்டுவந்துவிட்டாராம். உள்ளூர் எண்ணிக்கை பதினைந்து, மொத்தம் இருபத்துமூன்று. "இப்ப இன்னொரு சமையல்காரர் எடுக்கலாம்ல?"

எட்டு வெளிநாட்டவர்வரை வைக்கலாம், அது சரிதான். ஆனால் இருபத்துமூன்றில் 8 விழுக்காடு 1.84. பெர்மிட்டில் ஊர்க்காரர் இப்போதும் மொத்தம் ஒருவர்தான். இரண்டாமவர் எஸ் பாஸில்தான் வர முடியும்.

"அவருக்கு வயசு என்னண்ணே?"

"நாற்பத்தெட்டு" என்றார்.