ஒருவர் தள்ளிய பாட்டு, இன்னொருவரைத் தூக்கிவிட்ட பாட்டு

பிரெஞ்சுப் பாட்டுலகில் அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1960 வாக்கில் சார்ல் அஸ்னவூர் ஒரு பாட்டை எழுதி, ஏற்கெனவே உச்சியில் இருந்த பாடகர் ஈவ் மோந்தானிடம் நீட்டினார். பெரிய பாடகனாவோம் என்று ஊரைவிட்டுக் கிளம்பி வந்து, வயதாகியும் பெயர் கிடைக்காமல், இன்னமும் விளக்கு வெளிச்சத்தைக் கனவு காணும் ஒருவனின் புலம்பல் அது. நம் தொழிலைப் பற்றியே பாடினால் மக்கள் கேட்கமாட்டார்கள் என்று மோந்தான் மறுத்துவிட்டார். அஸ்னவூர் அதைத் தானே பாடினார். அந்த ஆண்டு டிசம்பரில் பாரிஸின் அல்ஹாம்ப்ரா அரங்கில் அதைப் பாடிய இரவோடு அவர் வாழ்க்கை இரண்டாகப் பிரிந்தது.

இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இருவரும் பாடகர்கள், நடிகர்கள், வந்தேறிக் குடும்பத்துப் பிள்ளைகள். மோந்தானின் இயற்பெயர் ஈவோ லீவி. 1921-இல் இத்தாலியின் டஸ்கனியில் பிறந்தார். முசோலினி ஆட்சிக்கு அஞ்சிக் குடும்பம் மார்சேய் நகருக்கு ஓடிவந்தது. ஆலையிலும் துறைமுகத்திலும் வேலை பார்த்தவர், அக்காவின் கடையில் முடிதிருத்தவும் செய்தார். வீட்டுக்கு மேலே ஏறி வரச்சொல்லி அம்மா இத்தாலிய மொழியில் கூப்பிட்ட சொல்லைத்தான் மேடைப்பெயராக்கிக்கொண்டார் என்பார்கள். அஸ்னவூர் 1924-இல் பாரிஸில் பிறந்த ஆர்மீனியர். பெற்றோர் அமெரிக்க விசாவுக்குக் காத்திருந்த காலத்தில் பிறந்த குழந்தை. விசா வரவில்லை, பிரான்ஸுக்கு ஒரு பாடகர் கிடைத்தார்.

இருவருமே புகழ்பெற்ற பிரெஞ்சுப் பாடகி எதித் பியாஃபின் கையில் பட்டவர்கள். ஆனால் பட்ட விதம் வேறு. 1944-இல் பியாஃபைச் சந்தித்தபோது மோந்தான் அமெரிக்க மாட்டுக்காரர் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தார். பியாஃப் அதையெல்லாம் உதறச் சொல்லி, அவரைக் காதலித்து, மேடையேற்றி, சினிமாவிலும் சேர்த்துவிட்டார். அஸ்னவூருக்குக் கிடைத்தது எடுபிடி இடம்: காரோட்டி, செயலாளர், அவர் மேடைக்கு வருமுன் பாடுபவர், அவ்வப்போது பாட்டெழுத்தாளர். மூக்கைச் சரிசெய்துகொள்ளச் சொன்னவரும் பியாஃப்தான். அறுவை சிகிச்சை முடிந்து வந்தபோது, பழைய மூக்கே நன்றாக இருந்தது என்று சொன்னவரும் அவரேதான்!

உடம்பிலேயே இருவருக்கும் ஏற்றத்தாழ்வு இருந்தது. மோந்தான் ஆறடியைத் தாண்டியவர். பழுப்புச் சட்டையும் பழுப்புக் கால்சட்டையுமாக வெறும் மேடையில் வந்து நின்றாலே அரங்கம் நிறைந்துவிடும். அஸ்னவூர் ஏறக்குறைய ஐந்தேகால் அடி, குரலும் கரகரத்தது. விமர்சகர்கள் குரலைச் சொன்னார்கள், உயரத்தைச் சொன்னார்கள், கையசைவைச் சொன்னார்கள். அவரே தம் குறைகளை ஒரு பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டார். குரலில் தொடங்கி, படிப்பின்மை வரை போனது அது.

பாட்டு என்று வந்தால் என் ஓட்டு அஸ்னவூருக்கு. அவர் தம் சொல்லைப் பெரும்பாலும் தாமே எழுதியவர். மோந்தான் பெரும்பாலும் பிறர் எழுதியதைப் பாடினார். அதில் ழாக் ப்ரெவேர் போன்ற கவிஞர் இருந்தார் என்பதை மறக்கவில்லை. அவர் எழுதி மோந்தான் பாடிய 'உதிர்ந்த இலைகள்' என்ற பாட்டு உலகைச் சுற்றியது. ஆனால் மோந்தானின் ஒவ்வொரு கையசைவும் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தது என்பது தெரிந்துவிடும். அழகுதான், சில நேரம் கொஞ்சம் அதிகமாகவே அழகு. அஸ்னவூரின் 'லா போஎம்' பதிவு ஒன்றைத் தேடிப் பாருங்கள். பாரிஸின் ஓவியர் பேட்டையான மோன்மார்த்தரில் வறுமையில் வாழ்ந்த ஓவியன் முதுமையில் திரும்பிப் பார்க்கும் பாட்டு. பாடிக்கொண்டே வெள்ளைக் கைக்குட்டையில் விரல்களைத் துடைக்கிறார், சாயம் ஒட்டியிருப்பதுபோல. கடைசியில் அதைத் தரையில் போட்டுவிடுகிறார். ஓவியமும் போயிற்று, இளமையும் போயிற்று. 1972-இல் தாயோடு வாழும் ஓரினக் காதலன் ஒருவன் 'நான்' என்று பேசும் பாட்டையும் அவர் எழுதினார். கேலி வரும் என்று சுற்றியிருந்தவர்கள் பயந்தார்கள். பாத்திரத்தைக் கோமாளியாக்காமல் பாடிக் காட்டினார்.

சினிமாவில் தராசு மறுபக்கம் சாய்கிறது. இயக்குநர் க்ளூஸோ மோந்தானை வைத்து எடுத்த 'பயத்தின் கூலி' 1953-இல் கான் திரைப்பட விழாவின் பெரும் பரிசை வென்றது. நைட்ரோகிளிசரின் என்ற வெடிபொருள் ஏற்றிய லாரி எண்ணெய்க் குட்டையைக் கடக்கும் காட்சி எனக்கு மறக்காது. உள்ளே இறங்கி வழிகாட்டும் கூட்டாளியின் கால் சக்கரத்தின் கீழ் சிக்குகிறது. நிறுத்தினால் லாரி புதைந்துவிடும். மோந்தான் நிறுத்தவில்லை. மேடையில் கவர்ந்த அந்த முகத்தில் கறுப்பு எண்ணெயைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை. பிறகு அரசியல் படங்கள் எடுத்த இயக்குநர் கோஸ்தா-கவ்ராஸின் படங்கள், 'ஸீ'யும் 'வாக்குமூல'மும். 1986-இல் எழுத்தாளர் பாஞோலின் கதைகளிலிருந்து எடுத்த இரட்டைப் படங்களில் பேராசைக் கிழவராக வந்தார். மேடையை ஏறக்குறைய விட்டே போய், 1981-இல் அறுபதாம் வயதில்தான் பாரிஸின் ஒலிம்பியா அரங்குக்குத் திரும்பினார்.

அஸ்னவூர் ஏராளமான படங்களில் நடித்தார், நிலைத்தவை சில. இயக்குநர் த்ரூஃபோவின் 'பியானோக்காரனைச் சுடு' ஒன்று போதும். பெண்ணோடு தெருவில் நடக்கும்போது, கையைப் பிடிக்கலாமா வேண்டாமா என்று மனத்துக்குள் வாதாடுகிறார். ஒரு வழியாக முடிவுக்கு வந்து திரும்பினால் அவள் இல்லை. அந்தக் கூச்சத்தை மோந்தானால் நடிக்க முடிந்திருக்காது என்பது என் எண்ணம். பெயரை மாற்றிக்கொண்டு வாழும் அந்தப் பாத்திரத்துக்கு த்ரூஃபோ வைத்த உண்மைப் பெயர் எதுவார் சரோயன். அதுவும் ஆர்மீனியப் பெயர்தான்.

நாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். இடதுசாரி வீட்டுப் பிள்ளையான மோந்தான், ஹங்கேரியில் சோவியத் டாங்கிகள் புகுந்த சில வாரங்களிலேயே, மனைவி சிமோன் சிஞோரேயோடு மாஸ்கோ போய்ப் பாடினார். வசவு இரு பக்கமும் விழுந்தது. அதே மனிதர் 1970-இல், 'வாக்குமூலம்' படத்தில், பிராகில் சித்திரவதைப்பட்டுப் பொய்யை ஒப்புக்கொள்ளும் கம்யூனிஸ்டாக மெலிந்த உடம்போடு நின்றார். இதைவிட நேர்மையான பரிகாரம் எனக்குத் தெரியாது. அஸ்னவூருக்கு வேறு கடமை. 1988 டிசம்பர் நிலநடுக்கத்தில் ஆர்மீனியா நொறுங்கியபோது பாட்டெழுதிச் சக கலைஞர்களைக் கூட்டி நிதி திரட்டினார். பிற்காலத்தில் அந்நாட்டின் தூதராகச் சுவிட்சர்லாந்தில் அமர்ந்தார்.

மோந்தான் 1991 நவம்பரில், ஒரு படப்பிடிப்பின் முடிவில் மாரடைப்பால் போனார்; அந்தப் படத்தில் அவர் பாத்திரமும் மாரடைப்பில்தான் சாகிறது. அஸ்னவூர் 2006-இல் விடைபெறும் சுற்றுப்பயணம் என்று ஒன்றைத் தொடங்கினார். விடைபெறவே மனமில்லை. 2018 செப்டம்பரில் ஜப்பானின் ஒசாகாவில் பாடிவிட்டு வந்து, அக்டோபர் 1-ஆம் தேதி 94 வயதில் இறந்தார்.

ஆக, புதிதாகத் தொடங்குபவருக்கு: படத்துக்கு மோந்தான், பாட்டுக்கு அஸ்னவூர். ஒரு கேள்வி மட்டும் எனக்கு நெடுநாள் இருந்தது: மோந்தான் அந்தப் பாட்டை மறுத்தது தவறா? அதை அவர் குரலில் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். அந்த உயரமும் அந்தச் சிரிப்புமாக நின்றுகொண்டு, எனக்கு யாரும் கைதட்டவில்லை என்று பாடுகிறார். ஒரு வரிகூட நம்ப முடியவில்லை. சரியாகத்தான் மறுத்திருக்கிறார்.