பழைய எலக்ட்ரிக் கிட்டாருக்கு விலை சொல்வது: எந்த வழியை எவ்வளவு நம்பலாம்?

1970களில் அமெரிக்காவில் செய்யப்பட்ட ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டார் ஒன்றை விற்க நினைப்பவர், அதன் விலையை நான்கு இடங்களில் விசாரித்தால் நான்கு தொகைகள் கிடைக்கும். ஆண்டுதோறும் அச்சாகும் விலைக் கையேடு ஒன்றைச் சொல்லும். இணையச் சந்தையில் விற்று முடிந்தவற்றின் பதிவு இன்னொன்றைக் காட்டும். பழைய கிட்டார்களை வாங்கி விற்கும் கடைக்காரர் கையில் தரச் சம்மதிப்பது பெரும்பாலும் இவற்றைவிடக் குறைவாக இருக்கும். காப்பீட்டுக்காக எழுதி வாங்கிய மதிப்பீட்டுச் சான்றிதழில் உள்ள தொகையோ எல்லாவற்றையும் மிஞ்சி நிற்கும். இவர்களில் யாரும் ஏமாற்ற வேண்டும் என்பதில்லை. ஒவ்வொருவரும் கணக்கிடுவது வேறு வேறு விலையை. விற்பவருக்கு வேண்டியது, செலவெல்லாம் போகக் கடைசியில் கையில் நிற்கும் பணம். அந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான் இங்கே இந்த வழிகளை ஒப்பிடுகிறேன்.

எந்த வழியில் போனாலும், கையில் இருப்பது எந்த ஆண்டுக் கிட்டார், அதில் எவை மாற்றப்பட்டிருக்கின்றன என்ற இரண்டும் தெரியாமல் எந்தத் தொகைக்கும் பொருளில்லை. லியோ ஃபெண்டர் தம் நிறுவனத்தை 1965 ஜனவரியில் ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.எஸ்.ஸுக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். அதற்கு முன் செய்யப்பட்டவற்றுக்கும் பின் வந்தவற்றுக்கும் இடையே இன்றுவரை சந்தையில் பெரும் விலை வேறுபாடு இருக்கிறது. 1965 இறுதியில் ஸ்ட்ராடோகாஸ்டரின் ஹெட்ஸ்டாக், அதாவது கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதி, பெரிதானது. 1971இல் நெக்கை (கழுத்தை) பாடியோடு (உடலோடு) பிணைக்கும் நான்கு ஸ்க்ரூக்கள் மூன்றாகக் குறைந்தன. இவை கண்ணாலேயே தெரிந்துவிடும் அடையாளங்கள். வரிசை எண்ணை மட்டும் நம்புவது போதாது. 1976 வரை அந்த எண் நெக்கின் பின்னால் உள்ள உலோகத் தகட்டில் இருந்தது. தகட்டைக் கழற்றி வேறு கிட்டாரில் மாட்ட ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். 1976க்குப் பின் எண் ஹெட்ஸ்டாக்கில் ஒட்டுப்படமாக வந்தபோதும், முன்கூட்டியே அச்சிட்ட ஒட்டுப்படங்கள் அடுத்த ஆண்டுகளிலும் பயன்பட்டதால் ஓரிரு ஆண்டு முன்பின்னாக இருக்கலாம். போட்டி நிறுவனமான கிப்சனின் கிட்டார்களில் குழப்பம் இன்னும் அதிகம்: 1970 முதல் 1975 வரையிலான ஆறு இலக்க எண்களில் பல, 1960களில் வந்த எண்களின் மறுபதிப்புகளே. ஆகவே, எண்ணைத் தேடுபெட்டியில் இட்டு வரும் விடையை முடிவாகக் கொள்ள முடியாது.

உறுதியான சான்று உள்ளே இருக்கிறது. கம்பிகளைத் தளர்த்தி, பிக்கார்டின் (பாடியின் முன்புறம் உள்ள பாதுகாப்புத் தகட்டின்) ஸ்க்ரூக்களைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், வால்யூம், டோன் கைப்பிடிகளுக்கு அடியில் உள்ள பொட்டென்ஷியோமீட்டர்களின் உடலில் ஓர் எண் பொறித்திருப்பது தெரியும். 1377633 என்றிருந்தால், 137 என்பது செய்த நிறுவனமான சி.டி.எஸ்.ஸைக் குறிக்கும், 76 ஆண்டையும், 33 அந்த ஆண்டின் வாரத்தையும் குறிக்கும். கிட்டார் அந்த வாரத்துக்கு முன் முழுமை பெற்றிருக்க முடியாது என்பதை மட்டுமே இந்த எண் நிரூபிக்கும்; அதற்கு எவ்வளவு காலம் பின் என்பதைச் சொல்லாது. 1966இல் ஃபெண்டர் மொத்தமாக வாங்கி வைத்த பொட்டென்ஷியோமீட்டர்கள் அந்தப் பத்தாண்டின் இறுதிவரை பயன்பட்டன. எண்ணைக் குறித்துக்கொள்ளும்போதே ஈயப் பற்றவைப்புகளையும் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் வைத்த ஈயம் பல பத்தாண்டுகளில் மங்கிச் சாம்பல் நிறமாகியிருக்கும். அதன் நடுவே ஒரு பளபளப்பான புதுப் பற்றவைப்பு தெரிந்தால், அந்த இடத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள். நெக்கின் அடிப்பகுதியிலும் பல ஆண்டுகளில் முத்திரை உண்டு. 1960களின் நடுப்பகுதி ஸ்ட்ராடோகாஸ்டரில் ‘2 அக்டோபர் 64 பி’ என்பது போல ஒரு முத்திரை இருந்தால், முதலில் உள்ள 2 தேதி அல்ல, மாடலின் குறியீடு. கடைசி எழுத்து நெக்கின் அகலத்தைச் சொல்கிறது. அந்த 2ஐத் தேதி என்றெண்ணி விளம்பரத்தில் போடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மாற்றங்களின் விலைத்தாக்கமும் ஒரே அளவில் இருப்பதில்லை. பாடிக்கு மறுபடி வண்ணம் பூசியிருந்தால் மதிப்பு ஏறக்குறைய பாதியாகும் என்பது வணிகர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் கணக்கு. கிப்சனின் லெஸ் பால் மாடலில் ஹெட்ஸ்டாக் உடைந்து ஒட்டப்பட்டிருந்தாலும், ஒட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், ஏறத்தாழ அதே கதிதான். 1970களிலும் 80களிலும் வழக்கமாயிருந்தபடி, தடித்த ஒலிக்காகப் பாடியைக் குடைந்து ஹம்பக்கர் என்ற வகைப் பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகத்தை) பொருத்தியிருந்தால் அந்த மரத்தை மீண்டும் ஒட்டவைக்க முடியாது. தேய்ந்த ஃபிரெட்களை (விரல்பலகையில் பதித்த உலோகப் பட்டைகளை) மாற்றியிருப்பது அவ்வளவு பெரிய குறையன்று, அது வாசித்த கருவிக்கு இயல்பான பராமரிப்பு. கழற்றிய பழைய பிக்கப்பும், ஹெட்ஸ்டாக் அருகே கம்பிகளைத் தாங்கும் நட்டும் கேஸின் மூலையில் கிடந்தால் அவற்றைத் தூக்கியெறியாமல் கருவியோடு சேர்த்து விற்பதே லாபம்.

இனி ஒப்பீடு. அச்சிட்ட விலைக் கையேட்டின் பலம் அதன் பரப்பு. அரிதான ஒரு மாடலுக்குக்கூட ஒரு வீச்சை, அதாவது குறைந்த விலையும் கூடிய விலையும், அது தந்துவிடும். ஆனால் அந்த வீச்சு மிக நல்ல நிலையில், முற்றிலும் அசல் பாகங்களோடு இருக்கும் கிட்டாருக்குரியது. பெரும்பாலானோர் கையில் இருப்பது அப்படிப்பட்டதன்று. தொகுத்து அச்சாகிக் கடைக்கு வரும் நேரத்துக்குள் சந்தை நகர்ந்துவிடுவதும் உண்டு. 2020–21 பெருந்தொற்றுக் காலத்தில் கிட்டார் விலைகள் ஏறியபோது பழைய பதிப்பை வைத்து விற்றவர்கள் குறைவாகப் பெற்றிருப்பார்கள். பின்னர் இறங்கியபோது பழைய பதிப்பை வைத்து வாங்கியவர்கள் அதிகமாகக் கொடுத்திருப்பார்கள். மாடல்களுக்கிடையே எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்ற வரிசையைப் புரிந்துகொள்ளக் கையேட்டைவிடச் சிறந்தது இல்லை. விலையைத் தீர்மானிக்க நான் அதைப் பயன்படுத்த மாட்டேன்.

இணையச் சந்தைகளில் இரண்டு வகை எண்கள் கலந்து கிடக்கின்றன, அவற்றைப் பிரித்தறியாமல் போவதுதான் பெரும்பாலான தவறான மதிப்பீடுகளுக்குக் காரணம். ஒருவர் கேட்கும் விலை அவருடைய ஆசை. இன்னொருவர் கொடுத்த விலைதான் சந்தை. இசைக்கருவிகளுக்கான ரிவெர்ப் தளத்திலும் ஈபேயிலும் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதில் கடந்த சில மாதங்களில் அதே ஆண்டு, அதே நிறம், அதே வகை நெக் உள்ள ஐந்தாறு கிட்டார்களின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து, தன்னுடையதற்கு நெருக்கமானவற்றை மட்டும் தேர்ந்தெடுப்பவருக்குக் கையேடு தர முடியாத துல்லியம் கிடைக்கும். இதற்குச் சில மணி நேரம் செலவாகும், அவ்வளவே.

அதே தேடலில் விளம்பர வாசகங்களைக் கண்டு மயங்காமல் இருப்பதும் அவசியம். 1977இல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின் மீது ஹெட்ஸ்டாக் வடிவத்துக்காக வழக்குத் தொடர்ந்தது. அது சமரசத்தில் முடிந்தது. அந்த வழக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாத 1970களின் ஜப்பானிய நகல்கள் அத்தனைக்கும் இன்று ‘லாசூட்’ (வழக்கு) என்ற பட்டம் சூட்டி விலையை ஏற்றிக் கேட்கிறார்கள். கேட்கும் விலையையும் விற்ற விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்தப் பட்டத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது உடனே விளங்கிவிடும். 1982இல் தொடங்கிய ஃபெண்டர் ஜப்பானின் தொடக்ககால ஜே.வி. என்று தொடங்கும் வரிசை எண் கொண்ட கிட்டார்கள் வேறு வகை. அவற்றின் தேவைக்கு அடிப்படை அவற்றின் தரம்.

கடைக்காரரிடம் வருவோம். பதிவுகளின்படி உங்கள் கிட்டாரைப் போன்றவை 3,000 டாலர் அளவில் விற்றிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நீங்களே ரிவெர்ப்பில் விற்றால் கட்டணமும் பணப் பரிமாற்றச் செலவும் சேர்ந்து சுமார் 8% போகும். அதாவது கையில் ஏறக்குறைய 2,760 டாலர், அதிலும் பெட்டி கட்டி அனுப்பும் செலவு உங்களுடையதானால் இன்னும் குறையும். கடையில் ஒப்படைத்து விற்றுத்தரச் சொன்னால், தரகு 20% என்று கொண்டால், 2,400. கடைக்காரர் அன்றே பணம் கொடுத்து வாங்கிக்கொண்டால், பாதியிலிருந்து 60% வரை என்ற வழக்கத்தின்படி, 1,500 முதல் 1,800. இந்தக் கடைசித் தொகையைக் கேட்டதும் பலருக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தில் நியாயம் குறைவு. கடை வாடகை, பழுதுபார்ப்பு, வாங்கியவருக்குத் தரும் உத்தரவாதம், விற்காமல் மாதக்கணக்கில் சுவரில் தொங்கும் முதலீடு என்று எல்லாவற்றையும் அவர் சுமக்கிறார். அதோடு, பிக்கார்டைக் கழற்றி உள்ளே பார்த்துவிட்டுத்தான் நல்ல கடைக்காரர் விலை சொல்வார். அந்தப் பரிசோதனையிலேயே, பிக்கப் ஒன்று பிற்காலத்தது என்பது போன்ற, நீங்கள் அறியாத விவரம் வெளிப்படலாம். பார்க்காமலேயே தொலைபேசியில் உயர்ந்த விலை சொல்லி வரவழைப்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. நேரில் போனதும் ஒவ்வொரு குறையாகச் சொல்லி அந்த விலை இறங்கத் தொடங்கும். என்னைக் கேட்டால், கடைக்காரரின் ரொக்க விலையை அடித்தளமாகவும், விற்ற பதிவுகளின் நடுப்பகுதியைக் கூரையாகவும் கொள்ளலாம். இரண்டுக்கும் இடையில் எங்கே நிற்பது என்பது எவ்வளவு அவசரம், எவ்வளவு பொறுமை என்பதைப் பொறுத்தது.

எழுத்துபூர்வமான மதிப்பீட்டுச் சான்றிதழ் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். காப்பீட்டு மதிப்பு என்பது, கருவி திருடுபோனால் அதே போன்ற ஒன்றைக் கடையில் உடனே வாங்கத் தேவைப்படும் தொகை. அதை விலையாகச் சொல்பவரின் கிட்டார் விற்காது. ஆனால் 1965க்கு முந்தைய கிட்டார், அல்லது 1958 முதல் 1960 வரையிலான சன்பர்ஸ்ட் வண்ண லெஸ் பால் கையில் இருந்தால் கதை வேறு. அங்கே அசலா போலியா என்ற ஐயமே விலையில் பெரும் பகுதியைத் தின்றுவிடும். கட்டணம் வாங்கிக்கொண்டு, தாம் அதை வாங்கப் போவதில்லை என்று முன்பே சொல்லிவிடும் நிபுணர் ஒருவரின் சான்றிதழ் செலவைப் பல மடங்காகத் திருப்பித் தரும். வாங்க விரும்புபவரே இலவசமாக மதிப்பிட்டுத் தருவதாகச் சொன்னால், அந்த மதிப்பீடு யாருக்குச் சாதகமாக இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஏலத்தைப் பற்றி நிலவும் மயக்கம் பெரும்பாலும் செய்தித்தாள் தலைப்புகளால் வந்தது. 2019 ஜூனில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் பிங்க் ஃப்ளாய்ட் இசைக்குழுவின் டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராடோகாஸ்டர் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போனது. அந்த விலை கில்மரின் பெயருக்கு. அதே வகைக் கிட்டார் வைத்திருப்பவருக்கு அதனால் ஒரு டாலரும் கூடாது. தவிர, ஏல நிறுவனங்கள் வெளியிடும் தொகையில் வாங்குபவர் தரும் கூடுதல் கட்டணம் சேர்ந்திருக்கிறது. விற்பவருக்குச் சுத்தியல் விலையிலிருந்தும் (அந்தக் கட்டணம் சேராமல் ஏலத்தில் முடிவான தொகையிலிருந்தும்) தரகு கழிந்தே கிடைக்கும். பெயர் பெற்ற கலைஞர் வாசித்ததற்குப் படமோ ரசீதோ இருந்தால் ஏலம் பொருந்தும். இல்லையென்றால் சாதாரண 1970களின் கிட்டாரை அங்கே கொண்டு செல்வதில் பயனில்லை.

வெளிநாட்டில் பதிவான உயர்ந்த விலையைப் பார்த்து அங்கே அனுப்ப எண்ணுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1960களின் நடுப்பகுதி வரையிலான பல கிட்டார்களின் விரல்பலகை பிரேசிலிய ரோஸ்வுட்டால் ஆனது. அந்த மரம் 1992 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ளது. 2019இல் மற்ற ரோஸ்வுட் வகைகளால் செய்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தபோதும் இதற்குக் கிடைக்கவில்லை. உரிய அனுமதிச் சான்றிதழ் இல்லாமல் எல்லையைக் கடக்கும் கிட்டார் சுங்கத்தில் பறிமுதலாகலாம். அப்படிப்பட்ட கருவிக்கு, உள்நாட்டில் வாங்குபவர் தரும் சற்றுக் குறைந்த தொகையே பெரும்பாலும் கூடுதல் லாபமான தொகை.