அரண்மனைக் குவளை இல்லை, பப் குவளை

லண்டனில் ஒரு பழம்பொருள் கடையில் போன மாதம் 45 பவுண்டு கொடுத்து ஒரு பைன்ட் (அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்) பிடிக்கும் பியூட்டர் குவளை வாங்கினேன். பியூட்டர் என்பது வெள்ளீயம் பெரும்பங்கான கலப்பு உலோகம். விளிம்புக்குக் கீழே குட்டியாக ஒரு கிரீடம், அதனடியில் 'வி.ஆர்.', அதாவது லத்தீனில் 'விக்டோரியா ரெஜினா', விக்டோரியா ராணி. விக்டோரியா மகாராணியின் அரண்மனையில் இருந்தது என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். அரண்மனையில் ஒரு பைன்ட் அளந்தா குடித்திருப்பார்கள்?

நம்மூரில் தராசுக்கும் படிக்கும் குத்துகிற முத்திரைதான் இது. பப்பில் பியூட்டர் குவளைக்குள் எவ்வளவு பீர் இருக்கிறதென்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் எடை அளவு ஆய்வாளர் சோதித்து, அளவு சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். முன்பு ஊருக்கு ஊர் ஒரு சின்னம் இருந்தது. 1879-லிருந்து எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி ஆக்கினார்கள்: கிரீடம், ஆள்பவரின் பெயரெழுத்து, கூடவே எந்த வட்டாரம் என்று காட்டும் எண்.

என் குவளையில் வி.ஆருக்குப் பக்கத்திலேயே அடுத்து வந்த அரசர்களின் ஈ.ஆர்., ஜி.ஆர். இரண்டும் இருக்கின்றன. விக்டோரியா 1901-ல் போய், எட்வர்டு 1910-ல் போய், ஐந்தாம் ஜார்ஜ் வந்த பிறகும் இதே குவளையில் பீர் ஊற்றி விற்றிருக்கிறார்கள். எந்த அரண்மனைக் கதையையும்விட எனக்கு இது பிடித்திருக்கிறது. அடியில் கிரீடம் வைத்த 'எக்ஸ்' ஒன்றும் உண்டு. ரோமன் பத்து என்று நினைத்துவிடாதீர்கள், நல்ல உலோகம் என்று செய்தவர் போட்டுக்கொண்ட குறி.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தராசில் வைத்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினேன். 564 கிராம். இம்பீரியல் பைன்ட் 568 மில்லி. பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நசுங்கல் இருக்கிறது, மீதி 4 மில்லி அங்கே போயிருக்கும். வாங்குவதற்கு முன் கவனிக்காதது என் தப்பு.

கோபமெல்லாம் பாலிஷ் மேல்தான். சாம்பல் நிறத்தில் அமைதியாக இருந்திருக்க வேண்டிய பொருளை இயந்திரத்தில் கொடுத்து எவர்சில்வர் மாதிரி பளபளக்க வைத்திருக்கிறார்கள். அதில் முத்திரைகள் மழுங்கி, வி.ஆருக்குக் கீழே இருந்த எண்ணில் கடைசி இலக்கம் காணாமல் போய்விட்டது. எந்த ஊர் பப் என்று தேடிப் பார்க்க இருந்த ஒரே வழியும் அடைபட்டது.

பழைய பியூட்டரில் காரீயம் இருக்கலாம் என்பதால் இதில் நான் எதுவும் குடிப்பதில்லை. அப்புறம், பாட்டியின் ஈயச் சொம்புக்குச் சொல்வதுதான் இதற்கும்: காலியாக அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. இரண்டிலும் பெரும்பங்கு வெள்ளீயம், சட்டென்று உருகிவிடும். இப்போதைக்கு மேசையில் பேனா தாங்குகிறது.

45 பவுண்டு கொஞ்சம் அதிகம். அந்த எண் முழுசாக இருந்திருந்தால் 60 கூடக் கொடுத்திருப்பேன்.