காறை எலும்புக்கு ஒரு பெல்ட்

மழையில் வண்டி வழுக்கி, இடது தோள் தரையில் பட விழுந்தேன். எக்ஸ்ரேயில் காலர் போன் நடுவில் விட்டிருந்தது. பெரும்பாலும் அங்கேதான் உடையுமாம். ஆபரேஷன் வேண்டாம், பெல்ட் போதும் என்றார் டாக்டர். கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் ஆர்ம் ஸ்லிங் மட்டும் மாட்டச் சொல்லும் டாக்டர்களும் உண்டு. எதிர்த்த மெடிக்கலில் 520 ரூபாய்க்கு வாங்கினேன்.

பெட்டிக்குள் தமிழில் ஒரு தாள். 'சட்டைப்பட்டி எலும்பு முறிவுக்கு' என்று போட்டிருந்தான். அம்மா வாசித்துவிட்டு, "சட்டைக்கு ஏதுடா எலும்பு?" என்றாள். அப்பத்தாதான் தன் கழுத்துக்குக் கீழே விரலால் ஒரு கோடு இழுத்து, "காறை எலும்புன்னு போட்டா என்ன, காறை படியிற எடம்தானே" என்றது. காறை, கழுத்தை ஒட்டிப் போடும் வளையம் போன்ற நகை. அதுவரை நானும் ஆபீசில் 'தோள்பட்டை உடைந்துவிட்டது' என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். டாக்டர் சீட்டில் கிளாவிக்கிள், அதாவது காலர் போனின் மருத்துவப் பெயர், இருந்ததைப் பார்த்து, ரெண்டு எலும்பா போச்சு என்று பதறினார் மேனேஜர். தோள்பட்டை எலும்பு முதுகுப் பக்கம், பலகை மாதிரி இருப்பது. காறை எலும்பு முன்னால், மார்பெலும்புக்கும் தோளுக்கும் நடுவே 'எஸ்' போல வளைந்து கிடப்பது.

சரி, பெல்ட்டுக்கு வருவோம். இரண்டு தோளையும் சுற்றி, முதுகில் எட்டு போட்டுப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். மாட்டியதும் குத்தல் பாதி குறைந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் வெல்க்ரோ முதுகில் இருக்கிறது; தனியாக மாட்டவே முடியாது. தினமும் காலையில் அம்மா வேண்டும். ஒருநாள் அம்மா இழுத்த இழுப்பில் பத்து நிமிஷத்தில் விரலெல்லாம் மரத்துப்போய், தளர்த்திய பிறகுதான் உயிர் வந்தது. மூன்றாம் நாளே அக்குள் சிவந்து எரிந்தது. பழைய வேட்டியைக் கிழித்து நாலாக மடித்து உள்ளே வைத்தேன். ஆறு வாரமும் அப்படித்தான் ஓடியது. துவைத்தால் காய ஒரு நாள். துண்டு நூலெல்லாம் வெல்க்ரோவில் ஒட்டி, கடைசி வாரம் பிடிப்பே இல்லை.

அளவு மார்புச் சுற்றை வைத்துத்தான், சட்டை சைஸை வைத்து இல்லை. நான் எம் வாங்கி, மறுநாள் எல்லுக்கு மாற்றினேன். டேப்பால் அளந்துகொண்டு போங்கள்.